கச்சேரிக்கு மறுநாள் காலை

ஒரு பெரிய சிம்பொனி இசைக்குழு வெளிநாட்டுப் பயணம் கிளம்புகிறது என்றால் அதைப் பற்றி இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். இசை எல்லைகளை அழித்துவிடும், பகை நாடுகளைச் சேர்த்து வைத்துவிடும் என்று கொண்டாடுவது ஒரு விதம். இதெல்லாம் அரசாங்கங்களும் பெரிய கம்பெனிகளும் நடத்தும் விளம்பரம், நூறு கலைஞர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் விமானத்தில் ஏற்றி இறக்கும் வீண்செலவு என்று ஒதுக்குவது இன்னொரு விதம். கவனித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் பேசுகின்றன. விளக்கு போட்ட மேடை, முன்வரிசையில் தலைவர்கள், கடைசியில் கைதட்டல். எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. ஓர் இசைக்குழுவின் பயணம் உருப்படியானதா என்பது மேடையில் முடிவாவதில்லை. வந்தவர்கள் உள்ளூர்க் கலைஞர்களோடு எத்தனை மணிநேரம் உட்கார்ந்தார்கள், அதே ஊருக்கு மறுபடியும் போனார்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் அது முடிவாகிறது. இதற்கு எனக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி 1973இல் பிலடெல்ஃபியா இசைக்குழு சீனாவுக்குப் போனது. அதை அரசியல் கதையாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை இசைக்காரர்களின் கதையாகப் பார்க்கச் சொல்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிபர் நிக்சன் 1972 பிப்ரவரியில் சீனா போய்வந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் யூஜின் ஆர்மண்டி தலைமையில் பிலடெல்ஃபியா இசைக்குழு பெய்ஜிங்கில் நான்கும் ஷாங்காயில் இரண்டுமாக ஆறு கச்சேரிகள் நடத்தியது. மக்கள் சீனக் குடியரசில் வாசித்த முதல் அமெரிக்க இசைக்குழு அதுதான். லண்டன் ஃபில்ஹார்மானிக்கும் வியன்னா ஃபில்ஹார்மானிக்கும் அதே ஆண்டின் முற்பாதியிலேயே வந்துபோயிருந்தன. ஆனால் சீனாவில் அப்போது கலாசாரப் புரட்சி ஓயவில்லை. இசைக் கல்லூரிகளின் வழக்கமான படிப்பு நின்றுபோயிருந்தது. பீத்தோவனையும் மோட்சார்ட்டையும் பொதுமேடையில் வாசிக்க முடியாது. மாவோவின் மனைவி ஜியாங் சிங் ஒப்புக்கொண்ட சில புரட்சி நாடகங்களையும் அவற்றை ஒட்டிய இசையையும்தான் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பெய்ஜிங்கின் மத்திய ஃபில்ஹார்மானிக் குழுவை நடத்திய லி டெலுன் 1950களில் மாஸ்கோவில் பயின்று வந்தவர். அவ்வளவு படித்தவருக்கும் அந்த ஆண்டுகளில் கையில் மிஞ்சியது அந்தச் சில உருப்படிகள்தான்.

இங்கே ஒரு சம்பவத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். பிலடெல்ஃபியா குழு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியோடு வந்திருந்தது. ஜியாங் சிங் கச்சேரிக்கு வருவதாக இருந்தது, அவருக்கு ஆறாவது சிம்பொனிதான் வேண்டும் என்று தகவல் வந்தது. ஆர்மண்டிக்கு ஆறாவதில் விருப்பம் கிடையாது, அதன் தாள்களும் கையில் இல்லை. பெய்ஜிங்கின் அமெரிக்கத் தொடர்பு அலுவலகத்தில் இருந்த நிக்கோலஸ் பிளாட், சீனப் புரட்சி உழவர்களின் புரட்சி, கிராமத்தையும் வயல்வெளியையும் பாடும் ஆறாவதுதான் இவர்களுக்குப் பொருந்தும் என்று வாதாடி அவரைச் சம்மதிக்க வைத்தார். பிறகு சீனர்கள் உள்ளூரில் இருந்த தாள்களைத் தேடித் திரட்டிக் கொடுத்தார்கள். அவற்றில் சில கையால் பிரதியெடுத்தவை, பிழைகளும் இருந்தன. உலகின் முதல்தரக் குழு ஒன்று, தனக்குப் பழக்கமான, வில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பென்சிலால் குறித்துவைத்த தன்னுடைய தாள்களை விட்டுவிட்டு, அந்த இரவல் தாள்களை வைத்து வாசித்தது.

அந்தத் தாள்கள் எனக்கு மிக முக்கியமானவையாகத் தெரிகின்றன. தடை நிலவிய ஒரு நாட்டில், தேடினால் பீத்தோவன் கிடைத்தார். யாரோ அவரைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள், யாரோ அதைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அந்த இசையை விதைக்க அமெரிக்கர்கள் வரவேண்டியிருக்கவில்லை. அது அங்கே ஏற்கெனவே வேர்விட்டு, வெளியே தலைகாட்ட முடியாமல் இருந்தது. விருந்தினராக வந்தவர்கள் செய்ததெல்லாம், அதை வெளியே எடுக்க ஒரு சாக்குக் கொடுத்ததுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று, அந்தப் பயணத்தில் பார்வையாளர்கள் இல்லாத நேரத்தில் நடந்தது. மத்திய ஃபில்ஹார்மானிக் குழு தன் ஒத்திகைக்கு அமெரிக்கர்களை அழைத்தது. லி டெலுன் தன் குழுவை வைத்து பீத்தோவனின் ஐந்தாவதை வாசித்துக் காட்டினார். பிறகு ஆர்மண்டியிடம் இடத்தைக் கொடுத்தார். ஆர்மண்டி அந்தக் குழுவைத் தானே நடத்தினார். எந்தக் கச்சேரியையும்விட இந்தச் சிறிய நிகழ்வுக்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். ஆண்டுக்கணக்காக வெளியே வாசிக்க முடியாத ஓர் உருப்படியை, அதை வாழ்நாள் முழுக்க நடத்திய ஒருவரின் கைக்குக் கீழே ஒருமுறை வாசிப்பது என்பது ஒரு வயலின் கலைஞருக்கு என்ன என்று இசை கற்றவர்களுக்குத் தெரியும். எங்கே மூச்சு விட வேண்டும், வில்லின் எந்தப் பகுதியில் அந்தச் சுரம் தொடங்க வேண்டும், ஓபோ வாசிக்கும்போது மற்றவர்கள் எவ்வளவு அடங்க வேண்டும் என்பதையெல்லாம் தாளில் முழுமையாக எழுதிவிட முடியாது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஷாங்காய் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் லு ஹொங்என் 1968 ஏப்ரலில் மரணதண்டனைக்கு உள்ளானார். அதே நகரத்தில், ஐந்தே ஆண்டுகளில், அமெரிக்கர்கள் இரண்டு கச்சேரிகள் வாசித்தார்கள். தன் நாட்டு இசைக் கலைஞர்களை நசுக்கிய ஆட்சியின் முன்வரிசைக்கு வாசிப்பது அந்த ஆட்சிக்கு மரியாதை தேடித் தருவது ஆகாதா? ஆகும். அதை மறுக்கவே முடியாது. ஜியாங் சிங் அந்தக் கச்சேரியைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். வாஷிங்டனும் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. பயணம் முடிந்த சில மாதங்களில், 1974 ஜனவரியில், மக்கள் நாளிதழ் மேற்கத்திய இசையைத் தாக்கிக் கட்டுரை வெளியிட்டது. பீத்தோவனின் பியானோ சொனாட்டா ஒன்றும் ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனியும் வர்க்க எதிரிகளின் இசையாகக் காட்டப்பட்டன. கச்சேரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்பவர்கள் இந்த ஜனவரியைத் தாண்டிக்குதித்துப் போய்விடுகிறார்கள். செப்டம்பரில் கைதட்டிய அதே அதிகாரம்தான் ஜனவரியில் கதவை அடைத்தது. ஆகவே, மேடையில் நடந்ததை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அந்தப் பயணம் தோல்விதான்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ஹூனான் மாகாணத்தில் வயலில் நடவு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த டான் டுன் என்ற பதின்வயது இளைஞர், பிலடெல்ஃபியா குழுவின் வாசிப்பைக் கிராம ஒலிபெருக்கியில் கேட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் ‘க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தின் இசைக்காக ஆஸ்கர் வாங்கியவர் அவர்தான். மாவோ 1976இல் இறந்தார், ஜியாங் சிங் கைதானார். 1977 மார்ச் 26, பீத்தோவன் இறந்து 150 ஆண்டு நிறைந்த நாள். அன்று மத்திய ஃபில்ஹார்மானிக் குழு லி டெலுன் தலைமையில் ஐந்தாவது சிம்பொனியைப் பொதுமேடையில் வாசித்தது. கலாசாரப் புரட்சி முடிந்துவிட்டது என்று பல சீனர்கள் புரிந்துகொண்டது அந்தக் கச்சேரியின் மூலம்தான். ஆர்மண்டியின் கைக்குக் கீழே நான்கு ஆண்டுகளுக்கு முன் வாசித்துப் பார்த்த அதே குழு, அதே சிம்பொனி. இசைக் கல்லூரிகள் மறுபடியும் தேர்வு நடத்தியபோது சில நூறு இடங்களுக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அவர்களில் டான் டுன்னும் ஒருவர்.

அரசியல் மாறியதால்தானே இதெல்லாம் நடந்தது, இசைக்குழுவுக்கு இதில் என்ன பங்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது, என் வாதமும் அதற்கு எதிரானது அல்ல. சீனாவின் கதவைத் திறந்தது சீன அரசியல்தான். எந்த சிம்பொனியாலும் ஒரு தடையை நீக்க முடியாது. ஆனால் தடை நீங்கிய நாளில் வாசிக்க ஆள் வேண்டும். கேட்ட காதுகள் வேண்டும், பழகிய கைகள் வேண்டும், இது நமக்கும் எட்டும் என்ற நம்பிக்கை வேண்டும். அது ஒரே நாளில் வந்துவிடாது. இசைக்குழுவின் பயணத்திடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இந்தத் தயாரிப்பு ஒன்றைத்தான். சமாதான ஒப்பந்தத்தை அதனிடம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து, பிறகு இசையையே குறைசொல்கிறார்கள்.

தொடர்ச்சியும் இருந்தது. 1979 மார்ச்சில் செய்ஜி ஓசாவா தலைமையில் பாஸ்டன் சிம்பொனி வந்தது. ஜப்பானியரான ஓசாவா பிறந்தது சீனாவின் ஷென்யாங்கில், சிறுவயதில் வளர்ந்தது பெய்ஜிங்கில். அந்தப் பயணத்தின் கடைசிக் கச்சேரியில் பாஸ்டன் குழுவும் மத்திய ஃபில்ஹார்மானிக்கும் ஒரே மேடையில் கலந்து அமர்ந்து வாசித்தன. உள்விளையாட்டு அரங்கில் சுமார் 18,000 பேர் கேட்டார்கள். அதே ஆண்டு வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் வந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி எடுத்த ‘ஃப்ரம் மாவோ டு மோட்சார்ட்’ ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். படத்தில் மனத்தில் நிற்பது கச்சேரிகள் அல்ல, பாடங்கள்தான். ஒரு பிள்ளை விரல் பிசகாமல் ஒரு வரியை வாசித்து முடிக்கிறது. ஸ்டெர்ன் அதை முதலில் பாடிக்காட்டச் சொல்கிறார், பிறகு பாடிய மாதிரியே வாசிக்கச் சொல்கிறார். அதே பிள்ளை, அதே வயலின், இசை வேறாகிவிடுகிறது. கூடியிருக்கும் ஆசிரியர்களின் முகங்களில் அது தெரிகிறது. பிலடெல்ஃபியா குழுவோ சீனாவுக்குத் திரும்பத் திரும்பப் போனது. 2012இலிருந்து பெய்ஜிங்கின் தேசிய கலை மையத்தோடு சேர்ந்து, வந்து தங்கிப் பாடம் சொல்லித்தரும் ஏற்பாட்டையே செய்துகொண்டது. இரண்டு நாடுகளின் உறவு மிகவும் கெட்டிருந்த 2023 நவம்பரிலும், ஐம்பதாம் ஆண்டுக்காகக் குழுவிலிருந்து ஒரு சிறு அணி போனது. 1973இல் வாசித்த ஒரு வயலின் கலைஞரும் அதில் இருந்தார். இதற்கிடையில் லாங் லாங்கும் யூஜா வாங்கும் பியானோ படிக்கப் போனது பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்லூரிக்கு. பாதை ஒருவழியாக இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பயணம் 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் பியோங்யாங் போனது. லோரின் மாசெல் நடத்தினார். 26ஆம் தேதி மாலை இரண்டு நாட்டு தேசிய கீதங்களும் ஒலித்தன. இந்தக் குழுவே 1893இல் முதன்முதலாக அரங்கேற்றிய துவோர்ஷாக்கின் ‘புதிய உலகு’ சிம்பொனியை வாசித்தார்கள். கொரியர்கள் எல்லோருக்கும் பொதுவான ‘அரிராங்’ பாடலோடு முடித்தார்கள். வட கொரிய அரசுத் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. அரங்கில் பலர் கண்கலங்கினார்கள், மேடையில் இருந்தவர்களும் கலங்கினார்கள். அடுத்த நாள் காலை நியூயார்க் கலைஞர்கள் நால்வரும் வட கொரியக் கலைஞர்கள் நால்வருமாக உட்கார்ந்து மெண்டல்சனின் எண்வர் இசையை வாசித்தார்கள். மாசெல் அங்குள்ள அரசு இசைக்குழுவையும் நடத்திப் பார்த்தார். அன்றே விமானம் ஏறிவிட்டார்கள். மொத்தத்தில் இரண்டு நாள். அதற்குப் பிறகு நியூயார்க் குழு அங்கே போகவில்லை. வட கொரியக் குழு பதில் பயணமாக அமெரிக்காவுக்கு வரவில்லை. 2009 மே மாதம் வட கொரியா இரண்டாவது அணுகுண்டுச் சோதனை நடத்தியது.

போனதே தவறு என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த எட்டுப் பேர் சேர்ந்து வாசித்த காலை வேளை உண்மையானது. ஒருவர் வில்லை ஒருவர் பார்த்து, ஒரே மூச்சில் தொடங்கி, ஒரே இடத்தில் நிறுத்த வேண்டிய இசை அது. அங்கே ஏமாற்ற முடியாது. ஆனால் அந்தக் காலை பத்துக் காலைகளாக ஆகவில்லை. பெய்ஜிங்கில் தொடர்ந்து நடந்தது பியோங்யாங்கில் தொடங்கியதோடு நின்றுபோனது. தவறு பெரும்பாலும் விருந்தளித்த அரசின் பக்கம்தான். தன் கலைஞர்கள் வெளியாரோடு பழகுவதை அது விரும்பவில்லை. அதனால்தான், 1973ஐயும் 2008ஐயும் ஒரே தட்டில் வைத்து ‘இசைத் தூது’ என்று பொதுவாகப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு கோடியில் 2016 மே மாதம் சிரியாவின் பல்மைராவில் நடந்தது இருக்கிறது. மரியின்ஸ்கி இசைக்குழுவை வலேரி கெர்கியேவ் கூட்டிக்கொண்டு போய், பழைய ரோமானிய அரங்கில் கச்சேரி நடத்தினார். ரஷ்யப் படைவீரர்களும் அதிகாரிகளும் அழைத்துவரப்பட்ட பத்திரிகையாளர்களுமே அவையில் அதிகம். புதின் காணொளியில் பேசினார். வாசித்தவர்கள் மிகத் திறமையானவர்கள், உருப்படிகள் நல்லவை. ஆனால் அது சிரிய இசைக் கலைஞர்களுக்காகப் போன பயணம் அல்ல. போர்முனைக்கு அலங்காரமாகப் போன கச்சேரி. இசை தரமானதாக இருந்தாலே பயணமும் நல்லதாகிவிடும் என்பவர்கள் பல்மைராவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இப்போது இன்றைய பயணங்களுக்கு வருகிறேன். பெரிய குழுக்களின் வழக்கம் ஊருக்கு ஓரிரு இரவுதான். காலையில் விமானம், மாலையில் அரங்கின் ஒலியைச் சரிபார்க்க ஒரு சிறு ஒத்திகை, இரவு கச்சேரி, மறுநாள் அடுத்த ஊர். இதற்கிடையில் சுங்கச் சோதனையின் தொல்லை வேறு. 2014இல் நியூயார்க் விமான நிலையத்தில் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் இசைக்குழுவின் ஏழு வில்களைத் தந்தம் இருக்கிறது என்ற சந்தேகத்தில் பறிமுதல் செய்தார்கள். சுற்றுச்சூழல் பற்றிய கேள்வியும் சின்னக் கேள்வி அல்ல. ஸ்வீடனின் ஹெல்சிங்போரி சிம்பொனி, விமானத்தில் வரும் நடத்துநர்களையும் தனிக் கலைஞர்களையும் அழைப்பதில்லை என்றே முடிவெடுத்தது. நல்ல ஒலிப்பதிவும் நேரலையும் வீட்டுக்கே வரும் காலத்தில் நூறு பேர் ஏன் பறக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நேரில் கேட்பதன் சுகம் வேறு என்று மட்டும் பதில் சொன்னால் போதாது. அந்தச் சுகம் உண்மைதான், ஆனால் அரங்கில் இடம் கிடைத்த இரண்டாயிரம் பேருக்குத்தான் அது. ஒலிப்பதிவால் செய்யமுடியாத ஒரு வேலை இருக்கிறது என்பதே என் பதில். எந்தப் பதிவும் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்து, இங்கே இறுக்கமாக இருக்கிறது, தளர்த்து என்று சொல்லாது. அந்த வேலைக்காகப் பறந்தால் நியாயம் உண்டு. அது இல்லாமல் பத்து ஊர் சுற்றும் பயணத்துக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

இப்படிச் சொல்வது வெறும் ஆசை அல்ல, செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். மினசோட்டா இசைக்குழு, ஓஸ்மோ வான்ஸ்கா தலைமையில், அமெரிக்காவும் கியூபாவும் உறவைச் சீர்படுத்தத் தொடங்கிய கையோடு 2015 மே மாதம் ஹவானா போனது. கச்சேரிகளோடு அங்குள்ள மாணவர் குழுவோடு சேர்ந்து ஒத்திகையும் பார்த்தது. அந்தப் பயணத்தில் போன ஒரு கிளாரினெட் கலைஞர், இரு நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து வாசிக்க வைக்க ஓர் இளைஞர் இசைக்குழுவைப் பின்னாளில் தொடங்கினார். 2018இல் மண்டேலா நூற்றாண்டின்போது அதே மினசோட்டா குழு தென்னாப்பிரிக்காவின் ஐந்து இடங்களுக்குப் போனது. அவற்றில் ஒன்று, நிறவெறி எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் கூடிய சொவேட்டோவின் ரெஜினா முண்டி தேவாலயம். தென்னாப்பிரிக்க இசையமைப்பாளர் பொங்கானி என்டோடானா-ப்ரீன் இந்தப் பயணத்துக்காக எழுதிய புதிய உருப்படியையும் வாசித்தார்கள்.

இதில் பெறுவது உள்ளூர்க்காரர்கள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, போகிறவர்களும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். 1959இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு மாஸ்கோ போன நடத்துநர் பெர்ன்ஸ்டைன், ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனியை, அதை எழுதிய ஷோஸ்டகோவிச்சின் முன்னிலையிலேயே நடத்தினார். திரும்பிய கையோடு, அக்டோபரில், அதே சிம்பொனியைப் பாஸ்டனில் ஒலிப்பதிவு செய்தார்கள். இன்றும் அந்தப் பதிவைத் தேடிக் கேட்கிறார்கள்.

சென்னைக்கும் இப்படி ஒரு மாலை வாய்த்தது. சுனாமியின் முதலாம் ஆண்டு நினைவு நாளான 2005 டிசம்பர் 26 அன்று, ஜுபின் மேத்தா பவேரிய அரசு இசைக்குழுவோடு மியூசிக் அகாடமியில் வாசித்தார். அன்றைய சென்னையைவிட இன்றைய சென்னையில் மேற்கத்திய இசை கற்கும் பிள்ளைகள் அதிகம். 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரி இருக்கிறது, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளைக் கொண்ட சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, கோடம்பாக்கத்தில் தலைமுறைகளாக நோட்ஸ் பார்த்து வாசித்து வந்த வயலின் கலைஞர்களின் அனுபவம் இருக்கிறது. இனி ஒரு வெளிநாட்டு இசைக்குழுவை இங்கே அழைப்பவர்கள், அரங்கு, டிக்கெட், விருந்தினர் பட்டியல் எல்லாவற்றையும் பேசி முடித்தபின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு மறுநாள் காலை, உங்கள் கலைஞர்கள் எங்கள் பிள்ளைகளோடு மூன்று மணிநேரம் உட்கார வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத குழு எவ்வளவு பெரிய பெயரானாலும், அடுத்த பெயரைப் பார்க்கலாம்.